ஆர், இ, பி, என்டர்

அந்த மருத்துவமனையின் டைப்பிங் அறையில் அவருக்கு மிஷின் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. டாக்டர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துக்கொண்டே, நோயாளியின் எண்ணையும் சொல்லிப் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரலை ஹெட்போனில் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்து வார்டுகளுக்கு அனுப்புவது அவர் வேலை. எக்ஸ்ரே டாக்டர் பாதி வாக்கியத்தைக் கொட்டாவியில் முடிப்பார். ஸ்கேன் டாக்டர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அறையில் இருந்த மற்ற பன்னிரண்டு பேரும் ஒரே வரியை நாலு தடவை ஓட்டிக் கேட்டுத் தலையைச் சொறிவார்கள். மிஷின் ஒரே தடவை கேட்பார், அடிப்பார், அடுத்ததுக்குப் போய்விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வருஷமாகத் தினம் தினம் பயந்து செத்துக்கொண்டிருந்தார் என்றால் அந்த அறையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவருக்குக் கண் தெரியாது. அதுதான் விஷயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு இஷ்டமில்லை.

ஒரேயடியாகப் போன கண் இல்லை அது. முப்பது வயதில் மங்கின வெளிச்சத்தில் தட்டுத் தடுமாற ஆரம்பித்தார். நாற்பதில் பக்கவாட்டில் வருகிற ஆள் தெரியாமல் போனது. வெளியூர் போய் ஒரு கண் டாக்டரை ரகசியமாகப் பார்த்தார். ஓரத்திலிருந்து நடுவுக்குக் குறுகிக்கொண்டே வரும், வைத்தியம் கிடையாது என்று அந்த டாக்டர் சொல்லி அனுப்பினார். சொன்னபடியே வந்தது. இப்போது அவருக்கு மிஞ்சியிருந்தது நேர் எதிரே ஒரு சின்ன வட்டம், அதுவும் புகை மூடினாற்போல். அதில் ஒரு கட்டம் இருப்பது தெரியும், கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

வேலைக்கு அது தடையாக இல்லை. அதுதான் இதில் வேடிக்கை. பதினெட்டு வயதில் டைப்பிங் கற்றுக்கொண்டபோது, சொல்லிக் கொடுத்தவர் விசைகளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு அடிக்கச் சொல்வார். எட்டிப் பார்த்தால் விரலில் ஸ்கேலால் ஒரு போடு. அன்றிலிருந்து மிஷின் விசையைப் பார்த்ததே இல்லை. காதில் குரல், காலடியில் பதிவை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெடல், விரலுக்கடியில் எழுத்து. இதில் கண்ணுக்கு எங்கே வேலை இருக்கிறது?

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் வேண்டிய புரோகிராமைத் திறக்கிற இடம். மவுஸை நகர்த்திப் படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த பழைய நாட்களில் ஒவ்வொரு காலையும் அவருக்குப் பரீட்சைதான். இரண்டு வருஷத்துக்கு முன் மருத்துவமனைக் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். எல்லோரும் முணுமுணுத்தார்கள், மிஷின் மட்டும் உள்ளுக்குள் கும்பிட்டார். இப்போது மெனுவுக்கென்று ஒரு விசை. அதை அழுத்தினால் தேடல் பெட்டி வரும். ஆர், இ, பி என்று மூன்று எழுத்து அடித்தால் கீழே வரிசை வரும், அகர வரிசைப்படி. முதலில் ரிப்போர்ட், அடுத்து ரிப்போர்ட் பயிற்சி. என்டர் தட்டினால் முதலில் இருப்பது திறக்கும். எதையும் பார்க்கவே வேண்டாம்.

பயிற்சி என்பது புதிதாகச் சேருகிறவர்கள் அடித்துப் பழக வைத்திருந்த நகல். அச்சு அசலாக நிஜம் மாதிரியே இருக்கும். அதே கட்டங்கள், அதே அனுப்பு விசை. அனுப்பினது மட்டும் எங்கேயும் போகாது. குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் திரையைச் சுற்றிலும் பட்டையாக ஒரு வண்ணக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். மிஷினே ஒரு காலத்தில் பல பேருக்கு அதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆர், இ, பி, என்டர். இதன் மேல்தான் அவருடைய வேலை, வீடு, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள், எல்லாம் நின்றுகொண்டிருந்தன. மகளுக்குக்கூட விஷயம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மனைவி.

இந்த நிலையில்தான் மெனு மேடம் வந்து சேர்ந்தாள்.

ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள், முப்பது வயது இருக்கும். மெனுவில் தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை என்று மருத்துவமனை முழுவதும் புகார். பெயரின் முதல் எழுத்துகள் தெரிந்தால்தான் அந்தத் தேடலில் எதுவும் அகப்படும். பிரிண்டர் அடைத்துக்கொண்டால், தேடல் பெட்டியில் 'பேப்பர் மாட்டிக்கிச்சு' என்று முழு வாக்கியமாக அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் யார் என்ன அடிக்கிறார்கள், கடைசியில் எதைத் திறக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரே எழுதி வைக்கிற பதிவை எடுத்து மாதக்கணக்கில் படித்தாள். மக்கள் என்ன வார்த்தை சொல்கிறார்களோ அதையே ஒவ்வொரு புரோகிராமோடும் சேர்த்தாள். 'பேப்பர் மாட்டிக்கிச்சு' என்று அடித்தால் இப்போது பிரிண்டர் திரை வந்து நின்றது. மொத்தத்தில் நல்ல வேலைக்காரி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவள் டைப்பிங் அறை வாசலில் நின்று சொன்னாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து மெனு வரிசை மாறுதுங்க. இனிமே அகர வரிசை கிடையாது. எதை அதிகமாத் திறக்கிறாங்களோ அது மேல வரும். நோட்டீஸ் ஒட்டியிருக்கேன், எல்லாரும் ஒரு தடவை படிச்சுடுங்க."

நோட்டீஸ் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதே மிஷினுக்குத் தெரியாது.

பக்கத்து சீட்டுக்காரர் உடனே ஆரம்பித்துவிட்டார். அவருக்கு ரேடியோ என்று பெயர். போட்டால் நிற்காது, அதனால் அந்தப் பெயர். "இதெல்லாம் தேவையா மிஷின்? நல்லா இருக்கிறதைக் கெடுக்கிறதுக்குன்னே ஆள் எடுக்கிறாங்க. அதை விடுங்க, இதைப் பாருங்க." மொபைலை நீட்டினார். அவருடைய சின்ன மகளின் படம். தினமும் ஒன்று காட்டுவார். ரேடியோ சிரிக்கிற சத்தம் வரும்வரை மிஷின் காத்திருந்தார். "என்ன அழகு. உங்களை உரிச்சு வெச்சிருக்கு" என்றார். மூன்று வருஷமாக அதே பதில்தான். ரேடியோவுக்கு அது ஒரு தடவைகூட அலுத்ததில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எதையும் குழந்தைக்குச் சொல்வது போல் பிட்டுப் பிட்டு வைப்பாள்.

"எதை அதிகமாத் திறக்கிறாங்களோ அதுதானே மேல வரும்? நீங்க தினமும் திறக்கிறது எது?"

"ரிப்போர்ட்டு."

"அப்ப அதுதானே மேல இருக்கும். அப்புறம் என்ன பயம்?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பயத்துக்குத்தான் கணக்கு புரியவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மெனு விசையைத் தட்டினார். ஆர், இ, பி. விரல் என்டரின் மேல் போய் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டது. தட்டினார். திரையில் அவருடைய வட்டத்துக்குள் பழைய கட்டங்களே வந்து நின்றன. நோயாளி எண் கேட்கிற கட்டம் அதே இடத்தில் இருந்தது. எண்ணை அடித்ததும் அடுத்ததுக்கு நகர்ந்தது. அவருக்கு உயிர் வந்தது. எக்ஸ்ரே டாக்டரின் கொட்டாவிகூட அன்று இனிமையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் இருபத்து மூன்று ரிப்போர்ட். ஒன்றில்கூடப் பிழை இல்லை.

அந்த இருபத்து மூன்றில் ஒன்றுகூட எந்த வார்டுக்கும் போகவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் முழுவதும் நாலு புது ஆட்கள் வந்து, காலியாக இருந்த சீட்டில் எல்லாம் மாறி மாறி உட்கார்ந்து பயிற்சி நகலை நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடியிருந்தார்கள். மெனு மேடம் ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாக எண்ணாமல், மொத்த அறைக்கும் சேர்த்து எண்ணியிருந்தாள். ரிப்போர்ட்டைக் காலையில் ஒரு தடவை திறந்தால் மாலை வரை யாரும் மூடுவதில்லை, அதனால் எண்ணிக்கையில் பயிற்சி முந்திவிட்டது. திங்கள் காலை ஆர், இ, பி அடித்த அத்தனை பேருக்கும் பயிற்சிதான் திறந்தது. பன்னிரண்டு பேரும் சுற்றியிருந்த கட்டத்தைப் பார்த்து, 'சை' என்று மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்துகொண்டார்கள். இரண்டு விநாடி வேலை. ரேடியோ அதைத் திட்டக்கூடச் செய்தார். மிஷின் காதில் ஹெட்போன் இருந்தது.

பன்னிரண்டரைக்கு சூப்பர்வைசர் கையில் போனோடு உள்ளே வந்தார். "காலையிலேர்ந்து பதினேழாம் வார்டுக்கு ஒரு ரிப்போர்ட்டும் போகலையாம். ஒரு அம்மாவை ஆபரேஷனுக்கு ரெடி பண்ணி, பட்டினி போட்டு வெச்சிருக்காங்க. நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட் இல்லாம மயக்க டாக்டர் தொட மாட்டேங்கிறார். பதினேழு யாரு பாக்கிறது?"

பதினேழாம் வார்டு மிஷினுடையது. அந்த அம்மாளின் ரிப்போர்ட்டை எட்டு இருபதுக்கே அடித்து அனுப்பியிருந்தார். எண்கூட ஞாபகம் இருந்தது.

"அனுப்பிட்டேனே சார்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மெனு மேடத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து மிஷினின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். பயிற்சி நகல் இன்னும் திறந்தபடியே இருந்தது.

"சார், இது பயிற்சி" என்றாள் மெதுவாக.

சூப்பர்வைசர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவருக்குத் திரையின் முதுகுதான் தெரியும். "பயிற்சியா? அதுக்குத்தான் சுத்திலும் பட்டையாக் கட்டம் போட்டிருக்கே. அது கண்ணுல படலையா மிஷின்?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். ஆனால் பதில் தயாராக இருந்தது. அந்தக் கட்டத்தைத்தான் அவர் தன் கண்ணாலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாரே. துணிந்து சொன்னார்.

"பட்டுச்சு சார். மஞ்சள் கட்டம்தானே. வேலை மும்முரத்துல மனசுல ஏறல."

பின்னால் நின்றவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சுவிடுவதுகூட நின்றது போல் இருந்தது. ஏன் என்று மிஷினுக்குத் தெரியவில்லை. எதையோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் முதுகுத்தண்டில் ஏறியது.

"என் தப்புதான் சார்" என்றாள் மெனு மேடம். "வரிசையை நான்தான் மாத்தினேன். பயிற்சி முதல்ல வந்துடுச்சு."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர். போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார்.

குரல் பதிவுகள் பத்திரமாக இருந்ததால் மிஷின் இருபத்து மூன்றையும் மறுபடி அடித்தார். அவளே சரியான புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் அவர் தலை நிமிரவில்லை. பதினேழாம் வார்டு அம்மாளுக்கு ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது. மத்தியானம் வரை தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம்.

நாலு மணிக்கு சூப்பர்வைசர் மறுபடி வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். "படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போடுங்க மிஷின். இத்தோட அந்த மெனுவுக்கு முழுக்குப் போட்டுடலாம். அந்தப் பொண்ணையும் இந்த வாரத்தோட அனுப்பிடப் போறாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாத்தான் மேல எடுபடும்."

மிஷின் தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். வெள்ளைதான் தெரிந்தது. படிக்கிற நேரம் எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, தலையை இடமிருந்து வலமாக நகர்த்தினார். எத்தனை வரி என்று தெரியாததால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியவில்லை.

"வீட்டுல போய் நிதானமாப் பாத்துட்டுக் கொண்டாறேன் சார்."

"இதுல நிதானமாப் பாக்க என்ன இருக்கு? சரி, காலைல பத்து மணிக்குள்ள குடுத்துடுங்க."

அன்று பஸ் ஏறும்போது படியில் கால் இடறியது. பின்னால் நின்ற யாரோ பிடித்துக்கொண்டார்கள். அது மெனு மேடமாக இருந்துவிடக் கூடாதே என்று பயந்து, திரும்பி நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார்.

சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மனைவி தாளைப் படித்தாள். பாலர் பள்ளிக் குரல்தான். "தக்க கவனத்துடன் பணியாற்றிக்கொண்டிருந்தபோதும், மேற்படி ஊழியர் செய்த தவறான மாற்றத்தால் மட்டுமே..." 'மட்டுமே' என்பதை இரண்டு தடவை படித்தாள்.

"கட்டத்தைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் பாத்து மூடிட்டாங்க. நான் ஒருத்தன்தான் பாக்கல. அது அவளுக்கும் தெரியும்."

"தெரியும்னா? அவ ஏதாவது சொன்னாளா?"

"சொல்லல. அதான் பயமா இருக்கு. நான் மஞ்சள்னு சொன்னதும் வாயை மூடிக்கிட்டா."

மனைவி தாளை மேஜையில் விரித்து வைத்தாள். பிறகு, "கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாள். "அவளுக்குச் சின்ன வயசு. படிச்சிருக்கா. வேற இடத்துல வேலை கிடைக்கும். உங்களை விட்டா உங்களுக்கு யாருங்க வேலை குடுப்பாங்க? வயசு அம்பத்திரண்டு. கண்ணு வேற..." வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு எறும்பைக்கூடத் தள்ளிவிட்டுத்தான் நடப்பாள். பயம் அவளையும் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பேனாவை எடுத்து அவர் விரலில் வைத்து, விரலைத் தாளின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். அவர் கை அங்கேயே கிடந்தது. கடைசியில் பேனா கீழே உருண்டது. இரண்டு பேரும் அதைத் தேடவில்லை.

மறுநாள் ஏழரைக்கே போய்விட்டார். அறையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நான்தான் சார். மெனு."

பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டம் மஞ்சள் இல்ல சார்" என்றாள் அவள். "வெளிச்சத்துல மஞ்சள் எடுப்பாத் தெரியலைன்னு போன வருஷமே பச்சையா மாத்திட்டாங்க."

குட்டு உடைந்தது. அறைக்கு வெளியே யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் நிற்கிறவரை அவள் காத்திருந்தாள்.

"உங்க சீட்டோட பதிவை நான் முன்னாடியே பாத்திருக்கேன் சார். இந்த ஆஸ்பத்திரியில ரிசல்ட் வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே என்டர் தட்டுற ஆள் நீங்க ஒருத்தர்தான். ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட மவுஸைத் தொடல. என்னா வேகம்னு நினைச்சேன். வேற மாதிரி யோசிக்கவே இல்ல. யோசிச்சிருக்கணும்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா உங்க மேல தப்பு வந்திருக்காதே."

"வந்திருக்கும். மொத்தமா எண்ணினது தப்புதான். நேத்து சாயங்காலமே சரி பண்ணிட்டேன். இனிமே அவங்கவங்க சீட்டுக்குத் தனி எண்ணிக்கை. பயிற்சி எப்பவும் கடைசியிலதான் வரும்." நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். "ஹெட்போனை மாட்டுங்க. மெனுவைத் தட்டி, வழக்கமா அடிக்கிறதை அடிங்க."

ஆர், இ, பி. காதுக்குள் ஒரு குரல் சொன்னது: "ரிப்போர்ட். இரண்டில் ஒன்று." கீழ் அம்பை அழுத்தினார். "ரிப்போர்ட் பயிற்சி. இரண்டில் இரண்டு." மேல் அம்பு. "ரிப்போர்ட். இரண்டில் ஒன்று." மனித ஜாடையே இல்லாத குரல், கொட்டாவியும் இல்லாத குரல். மிஷின் மேலும் கீழுமாக ஆறேழு தடவை போய்வந்தார். இரண்டு வருஷமாக அவர் இந்த வரிசையை நம்பி வாழ்ந்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. கண் எரிந்தது. துடைத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

"ஹெட்போன்ல மட்டும்தான் கேக்கும்" என்றாள் அவள். "வெளியில யாருக்கும் தெரியாது. இந்த ஒரு சீட்டுக்கு மட்டும் போட்டிருக்கேன். மெனுவைப் பழையபடி மாத்தச் சொன்னாலும் இதை எடுக்க மாட்டேன்."

"உங்களை அனுப்பப் போறாங்களாம்."

"தெரியும் சார். பரவால்ல." பரவாயில்லை என்கிற குரல் அது இல்லை. காதை வைத்துப் பிழைக்கிறவருக்கு அதுகூடவா தெரியாது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அறை நிரம்பியது. ரேடியோ வந்து, பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மிஷின் நாலு ரிப்போர்ட் அடித்தார். இனிமேல் தினமும் திறக்கும்போதே காதுக்குள் குரல் சொல்லிவிடும், தப்பே வராது. இப்படியே ரிட்டயர் ஆகிறவரை இன்னும் எட்டு வருஷத்தை ஓட்டிவிடலாம், காதும் காதும் வைத்தாற்போல். பையில் அந்தத் தாள் மடித்தபடி இருந்தது. அடியில் ஒரு கோடு இழுத்தால் போதும், எந்தக் காலத்துக்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

பத்து மணிக்கு சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் வந்தது. மேஜைக்கு முன்னால் நின்றது.

"என்ன மிஷின், கையெழுத்து ஆச்சா?"

மிஷின் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார், ஒன்றும் வரவில்லை. விரல்தான் வந்தது. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் தடவி, ஹெட்போன் ஒயரைப் பிடித்து உருவினார். பிறகு மெனுவைத் தட்டினார். ஆர், இ, பி.

"ரிப்போர்ட். இரண்டில் ஒன்று" என்று கம்ப்யூட்டர் அறைக்குக் கேட்கச் சொன்னது.

கீழ் அம்பு. "ரிப்போர்ட் பயிற்சி. இரண்டில் இரண்டு."

பன்னிரண்டு கீபோர்டுகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"என்ன சத்தம் இது?" என்றார் சூப்பர்வைசர்.

"மெனு சார். எனக்குப் படிச்சுச் சொல்லுது." இப்போது வார்த்தை வந்தது, நடுங்கிக்கொண்டே வந்தது. "எனக்குக் கண்ணு தெரியாது சார். எழுத்து தெரியாமப் போய் மூணு வருஷம் ஆச்சு. நேத்து அந்தக் கட்டம் எனக்குத் தெரியல. மஞ்சள்னு சொன்னது பழைய ஞாபகத்துல சொன்னது. அது பச்சையாம். இந்தத் தாளையும் என் வீட்டுக்காரிதான் படிச்சா. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பொண்ணு பண்ணின தப்பு ரெண்டு விநாடித் தப்பு. மத்தது என்னோடது."

சூப்பர்வைசர் முகம் எப்படி இருக்கிறது என்று மிஷினால் பார்க்க முடியாது. மூன்று வருஷத்தில் அவருக்குப் பார்வை வேண்டும் என்று வெறியே வந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். ஒரு முகத்தைப் பார்த்தால் போதும், தன் தலையெழுத்து தெரிந்துவிடும். மேஜையிலிருந்து தாள் எடுக்கப்படுகிற சத்தம் கேட்டது.

"பெரிய ஆபீஸ்ல பேசிட்டு வரேன்" என்றார் சூப்பர்வைசர் கடைசியில். அதில் கோபம் இருக்கிறதா என்று மிஷின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், பிடிபடவில்லை. "அதுவரைக்கும் வேலையைப் பாருங்க. பதினேழுல மறுபடியும் கேக்கிறாங்க."

செருப்புச் சத்தம் வாசல்வரை போய் மறைந்தது. அதுவரைக்கும் என்ற சொல் மட்டும் மேஜையில் கிடந்தது. மிஷின் எப் விசையிலும் ஜே விசையிலும் இருக்கிற சின்ன மேட்டைத் தேடிக் கையை வைத்தார்.

பக்கத்தில் ரேடியோ இன்னும் வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததில் இது முதல் தடவை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தினமும் காட்டின போட்டோ எல்லாம்?"

"எதையும் பாத்ததில்லை."

"என்ன அழகுன்னு சொல்வீங்களே."

"நீங்க சிரிப்பீங்க. அதை வெச்சுச் சொல்வேன்."

ரேடியோவின் நாற்காலி நகர்ந்து வந்து இடித்து நின்றது. மொபைலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"இது இன்னிக்குக் காலைல எடுத்தது" என்றார். "என்னை உரிச்சு வெச்சதெல்லாம் இல்ல, அவ அம்மா ஜாடை. முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. அது தெரியக் கூடாதுன்னு கையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா."

மிஷின் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் எந்தச் செருப்புச் சத்தம் வந்தாலும் அவர் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது.